ஆறு மணி நேரம்

வெள்ளம் வடிந்து பதினோரு நாள்.
போஸ்னா நதி தன் படுக்கைக்குத் திரும்பிவிட்டது,
ஒன்றும் செய்யாததுபோல.
நகர நூலகத்தின் மேல்மாடியில்
முயேசிரா புகைப்படங்களை உலர்த்துகிறாள்.
சேற்றில் பொறுக்கியவை,
வேலிக்கம்பியில் சிக்கியவை,
செத்த பசுவொன்றின் வயிற்றடியில்
ஒட்டிக் கிடந்த ஒரு கல்யாணம்.

ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து
ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் சர்வருக்கு அனுப்ப வேண்டும்.
அவள் அதைப் பார்த்ததில்லை.
அதற்கும் இவளுக்கும் நடுவே
ஒரு நீளமான சாவிச்சொல்,
விட்டுவிட்டு வரும் நெட்,
டீசல் ஜெனரேட்டரின் இருமல்.

படம் படமாகவே போகாது.
முதலில் எழுத்தாக வேண்டும்.
அறுபத்துநான்கே எழுத்து.
அதற்குள் அடங்கிவிடும்
மாப்பிள்ளையின் நரைத்த மீசையும்
யாரோ ஒரு குழந்தையின் கையிலிருந்த
பாதி ஆப்பிளும்.
கடைசியில் இடம் மிஞ்சினால்
சமக்குறிகள் போட்டு நிரப்புகிறது எந்திரம்.
எதற்குச் சமம்?
அதைச் சொல்வதில்லை.

அங்கிருந்து பதிலாக ஓர் எண் வருகிறது: 4417.
வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

ஏற்றுவது ஒரு வேலை.
ஏற்றுக்கொள்வது வேறு.
அந்த எண்ணை எடுத்துப் போய்
ஒரு பக்கத்தின் கீழே, ஒரு குடும்பப் பெயரின் கீழே
இன்னொரு கோரிக்கை எழுதிக் கோக்க வேண்டும்.
கோக்காத கோப்பு
தற்காலிகம்.
ஆறு மணி நேரம் பொறுக்கும்.
அப்புறம் ஒரு துடைப்பம் வரும்,
யார் கையிலும் இல்லாத துடைப்பம்.

இது அவளுக்குத் தெரியவந்தது மூன்றாம் நாள் காலை.
இரவெல்லாம் அனுப்பிய இருநூற்றாறில்
மிச்சமிருந்தவை முப்பத்தொன்பது,
பின்பக்கம் பெயர் எழுதியிருந்தவை.
மற்றவை
இரண்டாம் தடவை மூழ்கியிருந்தன,
இம்முறை ஈரமே இல்லாமல்.

சாக்ரெப்பில் இருக்கும் நிரல்காரன் வெத்ரானுக்கு
ஃபோன் போட்டாள்.
"அது பிழையில்லை, அப்படித்தான் வைத்திருக்கிறோம்," என்றான்.
"எதோடும் சேராததை
எத்தனை நாள் வைத்துக்கொள்வது? இடம் போதாதே."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
இருபது வயதில், ஒரு முகாம் வாசலின் வரிசையில்,
வேறொரு வாயிலிருந்து
இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறாள்.
வெத்ரான் அப்போது பிறக்கவில்லை.
நல்ல பையன்.
சளிக்கு என்ன குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு
ஃபோனை வைத்தாள்.

நல்லவேளை, காகிதங்கள் கொடியிலேயே இருந்தன.

அன்றிரவு புதிதாக ஒரு பக்கம் திறந்தாள்.
தலைப்புப் பெட்டி காலியாக இருக்கக் கூடாதென்று
சிவப்பில் அடம்பிடித்தது.
'அடையாளம் தெரியாதவை' என்று அடித்தாள், அழித்தாள்.
'உரிமை கோரப்படாதவை'. அதையும் அழித்தாள்.
கடைசியில்,
'எங்களுடையவை'.

விடிய விடிய
நூற்று அறுபத்தேழையும் மறுபடி அனுப்பினாள்.
எண் வர வர, ஆறிப்போகுமுன் கோத்தாள்.
பழைய எண் திரும்பக் கிடைக்காது:
அந்தக் கல்யாணம் இப்போது 4590.
ஒன்றை மட்டும், மிகப் பெரியது என்று
திருப்பி அனுப்பியது சர்வர்.
நாற்பத்திரண்டு பள்ளிப் பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஒரு நாய்.
சுருக்கினாள்,
நாயின் முகமும் கெடாத அளவுக்கு.

அக்டோபரில் ஒரு மாலை
பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நின்றாள்.
4590க்கு எதிரே
எத்தனை இடத்தில் இருக்கிறது என்று காட்டும் கட்டத்தில்
ஒன்று இருந்த இடத்தில் இரண்டு.
யாரோ தங்கள் வீட்டுப் பக்கத்திலும்
அதைக் கோத்திருக்கிறார்கள்.

விதிப்படி இனி
'எங்களுடையவை'யிலிருந்து கழற்றிவிட வேண்டும்.
பொத்தான்வரை விரல் போனது.
கீழே முற்றத்தில் யாரோ காய்ச்சும்
பிளம் பழக்கூழ்
அடிபிடிக்கும் வாடை.
அப்படியே விட்டுவிட்டு
கிளற இறங்கிப் போனாள்.