ஒன்பது ஆம்பியர்

பியூட் நகரில் மைனஸ் இருபத்திரண்டு.
நாலரைக்குக் குளித்தால் குழாய் சுருக்கென்கிறது,
எட்டு மணிக்கு ஒன்றுமில்லை என்று
டிரெஸ்ஸா பென்ஹாலோ போனில் சொன்னபோது
சிரிக்கப் பார்த்தேன்.
மின்சாரம் கடிகாரம் பார்க்காது.
மனிதர்கள்தான் பார்ப்பார்கள்.
அதனால் நாலரைக்கே வந்தேன்.

நிலவறையில் மக்கிய வாசனை,
பிளம்பழம் ஊறும் புட்டிகள்.
தரையிலிருந்து தலைநீட்டும் தாமிரக் குழாய்,
அதன் கழுத்தில் பச்சை பூத்த கிளாம்ப்,
அங்கிருந்து மெயின் பெட்டிக்கு எர்த் கம்பி.
எதையும் கழற்றவில்லை.
எதைக் கழற்றுகிறோம் என்று தெரியும்வரை கழற்றக் கூடாது.
குழாயைச் சுற்றி மீட்டரின் தாடையை மூடினேன்:
ஒன்பது ஆம்பியர்.

மெயினை இறக்கினேன்.
மேலே ஃபிரிட்ஜ் ஒருமுறை முனகி அடங்கியது.
டார்ச் வெளிச்சத்தில் மீட்டர்
இன்னும் ஒன்பது.

அணைந்த வீட்டுக்குள் யாருடைய மின்சாரம்?

போனது திரும்பியாக வேண்டும்.
அதற்கென்று விட்ட வழி நியூட்ரல்.
அது எங்கோ அறுந்தால்
அகப்பட்ட உலோகத்தைப் பிடித்துக்கொண்டு
அடுத்த வீட்டு வழியாகவாவது போய்ச் சேரும்.
தெருவுக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்
எல்லோருக்கும் பொது.

"பக்கத்தில் யார்?"
"எய்னோ லாட்டினன்."
அதோடு வாயை மூடிக்கொண்டாள்.
அள்ளிய பனியை யார் பக்கம் தள்ளுவது என்ற தகராறு.
பதினோரு குளிர்காலமாகப் பேச்சில்லை.
ஆனால் கேட்டதும் ஒப்பித்தாள்:
நாலு மணிக்கு அவர் லாரியின் எஞ்சின் ஹீட்டர்
டைமரில் தானாக ஓடும்,
ஆறுக்குக் கிளம்புவார்,
வியாழன் மட்டும் ஆறரை.

"நாளைக்கு பிளம்பர் வருகிறான்," என்றாள்.
"இந்தக் குழாயை வெட்டி பிளாஸ்டிக் போட."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.
வெட்டிய முனை ஒரு கையில்,
மறுமுனை மறு கையில்.
நடுவில் அவன் நெஞ்சுதான் கம்பி.

"வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.
எய்னோவிடமும் சொல்லியாக வேண்டும்."
"நீங்களே சொல்லுங்களேன்."
"அவர் மின்சாரம். உங்கள் குழாய்.
நான் யார் நடுவில்?"

குளியல் அங்கிமேல் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.
பனியில் நறநறவென்று பூட்ஸ்.
கதவைத் தட்டும் ஓசை, மறுபடி ஓசை.
பேசியது கேட்கவில்லை.

ஒன்பது.
ஒன்பது.
எட்டு புள்ளி எட்டு.
சட்டென்று சுழி.

பிளக்கைப் பிடுங்கியிருப்பார்.

மின் கம்பெனிக்குப் போன் செய்தேன்.
அவர் வீட்டு நியூட்ரல், கம்பத்திலோ கூரையிலோ
விட்டுப் போயிருக்கிறது, உடனே வாருங்கள் என்றேன்.
பில்லை யார் பெயரில் எழுதுவதென்று
பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

அவள் இன்னும் வரவில்லை.
மெயினை ஏற்றாமல் டார்ச்சோடு உட்கார்ந்து
புட்டிகளை எண்ணினேன்.
பதினான்கு.
ஒன்று சரியாக மூடவில்லை.
இறுக்கி வைத்தேன்.