இடது விளக்கு

பாலத்தின் அந்தக் கரையில்
சாலை தன்னைத்தானே ஒருமுறை தாண்டிக்கொள்கிறது.
ஒரு தடம் இன்னொன்றின் வயிற்றுக்கடியில் நுழைந்து
வெளியே வரும்போது
வலம் இடமாகியிருக்கும்.
சிவப்பு விளக்கு இல்லை, போலீஸ்காரர் இல்லை.
'இடப்பக்கம் செல்க' என்றொரு பலகை,
அதன்மேல் ஒரு பருந்து.

பொன்ஃபிம்காரி நான்.
பிரேசிலில் வண்டி பழகியவள்.
அங்கே நெடுஞ்சாலையில் பட்டப்பகலிலும்
முகப்பு விளக்கு எரிய வேண்டும்.
எதிரே வருகிறவன் இருமுறை கண்ணடித்தால்
வளைவுக்கு அப்பால் அபராதச் சீட்டு காத்திருக்கிறது.
யாருக்கு யார் என்று கேட்காத உபகாரம்.

கத்பெர்ட் லெத்தெம்காரன்.
ஆற்றுக்கு இப்பால், கயானாவில்,
ஹார்ன் வசவு அல்ல, விசாரிப்பு.
ஒரு தட்டு: நலமா?
இரண்டு தட்டு: உன் தம்பி நலமா?
விடாமல் அழுத்தினால்: மாடு.

கல்யாணமாகி ஆறு வருடம்.
தெருவில் இறங்கும்போது இன்றும்
நான் ஒரு பக்கம் பார்க்கிறேன், அவன் மறுபக்கம்.
கை கோத்துக்கொண்டால்
எந்த நாட்டிலும் அடிபட மாட்டோம்.
சண்டை போட்ட நாட்களில்தான் பயம்.

அவன் பிக்கப்பில் ஸ்டியரிங் வலப்பக்கம்.
திரும்புவதற்கு சிக்னல் போட்டேன் என்று நினைப்பேன்;
மழையே இல்லாத வெளியில்
வைப்பர் எழுந்து கையாட்டும்.
ரோட்டோரப் பையன்களும் பதிலுக்குக் கையாட்டுவார்கள்.
எனக்கு இந்த நாட்டில் இடம் கிடைத்துவிட்டது,
இடதுதான் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை
நாத்தனார் கடைக்கு, அன்னாய் ஊருக்கு,
ஐஸ் பெட்டியில் நாற்பது கோழி.
தார் முடிந்து செம்மண் தொடங்கியதும்
சட்டமும் முடிந்துவிடும்.
இடம், வலம் எதுவும் கிடையாது.
குழியில்லாத பக்கமே பக்கம்.
எதிரே வண்டி வந்தால் மட்டும்
எல்லோருக்கும் நாடு ஞாபகம் வரும்.

முன்னால் ஒரு லாரி. பிரேசில் எண்.
அது கிளப்பிய புழுதியில்
எங்கள் மூக்குவரை சிவப்பு.
திடீரென்று அதன் இடது விளக்கு
விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது.

"போ," என்றான் கத்பெர்ட். "வழிவிடுகிறான்."
"போகாதே என்கிறான்," என்றேன்.
எங்கள் ஊரில் இடது மின்னினால்
எதிரே ஆள் வருகிறது, அடங்கு என்று பொருள்.
அவன் ஊரில் இடது மின்னினால்
ஒதுங்கிக்கொள்கிறேன், தாண்டு என்று பொருள்.
ஒரே மஞ்சள் விளக்கு.
ஓட்டுகிறவன் என் ஆள், மண் அவன் மண்.
எந்த மொழியில் மின்னுகிறது அது?

"எண்ணைப் பார்."
"ரோட்டைப் பார்."
அவன் கால், பிரேக்கே இல்லாத இடத்தில்,
எதையோ மிதித்துக்கொண்டிருந்தது.
பதினோரு கிலோமீட்டர்.
கோழிகளின் ஐஸ்
பின்பலகை வழியே சொட்டிச் சொட்டி
நாங்கள் வந்த வழியைச் செம்மண்ணில் எழுதிக்கொண்டே வந்தது.
பேச்சு சாலையை விட்டு விலகி,
எங்கள் கல்யாணத்துக்கு அவன் மாமா வராததில் போய் நின்றது.

ஒரு மரப்பாலத்துக்கு முன் லாரி நின்றது.
டிரைவர் இறங்கிப் புதருக்குப் போய்விட்டு
பெல்ட்டை இறுக்கிக்கொண்டே வந்தார்.
நான் தலையை நீட்டி எங்கள் மொழியில் கேட்டேன்:
அண்ணா, அந்த இடது விளக்கு...
அவர் போய்ப் பார்த்தார். உள்ளங்கையால் ஓர் அடி.
அணைந்தது. மறுபடி மின்னியது.
"இன்னுமா? போன வாரமே கெட்டுப்போச்சு, தங்கச்சி.
யாரும் சொல்லவே இல்லையே."

கத்பெர்ட் சிரிக்கவில்லை. நானும்தான்.
சிரித்தால் யார் தோற்றதாக ஆகும் என்று
இருவருக்கும் தெரியவில்லை.

அவர் கையசைத்து முன்னே போகச் சொன்னார்.
நல்லவேளை, அதற்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்.
தாண்டும்போது முறையாக சிக்னல் போட்டேன்.
வைப்பர் எழுந்து
கண்ணாடியில் இரண்டு அரைவட்டம் துடைத்தது.
பார்க்க முடிந்தது இப்போது,
அவன் பக்கத்தில் கொஞ்சம்,
என் பக்கத்தில் கொஞ்சம்.