ஏழு மில்லிமீட்டர் வீடு

சுதர்ஜினி அனுப்பிய படத்தில்
ஒரு வீடு, ஒரு கதவு, சரிந்த கூரை,
கூரையில் புகைபோக்கி,
அதிலிருந்து மூன்று சுருள் புகை.
கீழே அவள் பெயர், தொலைபேசி இலக்கம்,
‘உங்கள் கனவுக்கு நான் தரகர்’ என்று ஒரு வரி.
இருபத்துநாலு பேனா வேண்டுமாம்,
வீடு வாங்கியவர் கையில்
சாவியோடு சேர்த்துக் கொடுக்க.

பேனாவின் உடம்பு உருளை, தங்கச்சி.
நேரே பார்க்கிற கண்ணுக்கு
அகலத்தில் ஏழு மில்லிமீட்டர்தான் தெரியும்,
மீதி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடும்
என்று எழுதினேன்.
கனவை உடனே எடுத்தாள்.
இலக்கத்தை மத்தியானம் எடுத்தாள்.
பெயரை ஒரு நாள் யோசித்து எடுத்தாள்.
புகையை மட்டும் எடுக்கமாட்டாளாம்.
“புகை இல்லாட்டி அது விலைப்படாத வீடு, அண்ணை.”

வின்னிபெக்கில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
கராஜ் ஹீட்டர் என் முழங்காலை மட்டும் அறியும்.
மேப்பிள் கட்டையைத் துளைத்து
பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டி
கடைசலில் பூட்டினேன்.
உளி தொட்டதும் சீவல் பறந்து
மணிக்கட்டில், மீசையில், தேநீரில்.
நாலு மூலை எட்டாகி
எட்டு மழுங்கி
பிறகு மூலையே இல்லை.

லேசரை முதலில் கழிவுத் துண்டில் விட்டேன்.
வலு முப்பது: வீடு வந்தது, கதவு வரவில்லை.
வலு நாற்பத்தைந்து: கதவு வந்தது,
புகை மூன்றும் ஒட்டிக்கொண்டு
கூரையில் ஒரு காகம் குந்தியிருந்தது.
வேகத்தைக் கூட்டினேன்.
காகம் மெலிந்து கொசுவானது.
கராஜ் முழுக்கப் பாகு அடிப்பிடித்த வாசம்.
இரவு வேலைக்குப் புறப்பட்ட வதனி
கதவை நீக்கிப் பார்த்து
“வீடு எரியுதோ?” என்றாள்.
எரியுது,
ஏழு மில்லிமீட்டருக்கு.

விறகு என்று ஒதுக்கிவைத்த பெட்டியில்
ஈரத்தில் கிடந்து பழுதான மேப்பிள் இருந்தது.
உள்ளே பூஞ்சணத்துக்கும் பூஞ்சணத்துக்கும்
காணிச் சண்டை.
வேலி போட்ட இடமெல்லாம்
மயிரளவு கறுப்புக் கோடு.
சும்மா ஒன்றைக் கடைந்தேன்.
ஒரு கோடு நடுவில் பிறந்து
நெளிந்து நெளிந்து மூடிப்பக்கம் ஏறியது.
கோடு பிறக்கிற இடத்தைக் கண்ணாடி போட்டுத் தேடி
அதற்குக் கீழே புகைபோக்கி வரும்படி
பேனாவைத் திருப்பி நிறுத்தி
வீட்டை மட்டும் சுட்டேன்.

அடுப்பு எரிந்தது.

விறகுப் பெட்டி முடிய ஐந்து இரவு.
ஒன்றில் காற்றே இல்லாத காலைப் புகை.
ஒன்றில் வடக்கிலிருந்து ஊதுகிறது.
ஒன்றில் புகை பேனாவைச் சுற்றிப்போய்
மறுபக்கத்தில் எதையோ மறந்து நின்றது.

சனிக்கிழமை சுதர்ஜினி வந்தாள்,
சப்பாத்தில் பனியோடு, போனில் யாருக்கோ விலை சொல்லியபடி.
வெல்வெட் துணியில் வரிசையாய்க் கிடந்ததைப் பார்த்தாள்.
“ஒண்டைப்போல ஒண்டு இல்லையே.
லோகோ எண்டால் எல்லாம் ஒண்டாய் இருக்கோணும்.”
“வீடு ஒண்டுதான். காத்துத்தான் வேறை.”
கொஞ்ச நேரம் பேசாமல் உருட்டிப் பார்த்தாள்.
“அப்ப காத்துக்கு இரண்டு டொலர் குறையுங்கோ.”

இருபத்துமூன்றை எடுத்தாள்.
ஒன்றைத் தள்ளிவைத்தாள்.
அதில் புகை எழும்பி
கூரைக்கு மேலேயே மனம் மாறி
சுவரோரமாய், கதவையும் தாண்டி,
முனைப்பக்கம் இறங்கிப் போகிறது.
“இது ராசியில்லை, அண்ணை.
ஆருக்குக் குடுக்கிறது?”

போன செவ்வாய் வீட்டுக் கடனைப் புதுப்பிக்கப் போனேன்.
புது வட்டியைச் சொன்ன வங்கிப் பெண்
குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.
பதினாலு இடத்தில் கையெழுத்து.
என் சட்டைப்பையில் இருந்தது அந்தப் பேனாதான்.
எழுதும்போது வீடு நிமிர்ந்து நிற்கிறது.
கதவோரம் இறங்கும் கோடு
பித்தளை வளையம்வரை வந்து நின்றுவிடுகிறது.
அதற்குக் கீழே நீல மை.

முடிந்ததும் அவள் தாள்களை அடுக்கினாள்.
மறதியாய்ப் பேனாவையும் எடுத்துத்
தன் குவளையில் போட்டாள்.

அது என்னுடையது என்று
கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.