நாலு ஓட்டை

ஐப்பசிக்கு இன்னும் பதினோரு நாள்.
கட்டிலுக்கு நேர் மேலே ஈரம்:
போன வருசம் தோசை அளவு,
இப்போது தாம்பாளம்.

குரங்குதான், என்றேன்.
பாபநாசத்திலிருந்து வி.கே.புரம் வருகிறவை
தண்ணீர்த்தொட்டி மூடியைத்
திறந்து பார்க்காமல் போவதில்லை.
மயிலாகவும் இருக்கலாம்.
எதிர்வீட்டு வேம்பு
மழைக்குழாய் வாயை அடைத்திருப்பதைக்
கோமதி போன மாதமே சொன்னாள்.
நான் அன்றைக்கு அம்பையில் இருந்தேன்,
அல்லது
அப்படிச் சொன்னேன்.

சொரிமுத்து கொத்தனார்
ஒரு வாளித் தண்ணீரோடு மட்டப்பாவில் ஏறினார்.
ஊற்றிவிட்டு, பீடி பற்றவைத்து,
அது எங்கே போகிறதென்று
சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.
கைப்பிடிச்சுவர் மூலையில்
விரல்நீளத்துக்கு ஒரு அரசங்கன்று.
கை நீட்டினேன்.
"இழுக்காதீய, வேரு உள்ள நின்னுக்கிடும்."
சாந்தைக் கொத்தி
முழுசாக எடுத்தார்.
குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தண்ணீர் அவசரமில்லாமல்
டிஷ் காலடிக்குப் போய்
நின்றது. பிறகு
இல்லை.
நாலு போல்ட்டு. நாலு ஓட்டை.
"யாரு டிரில் போட்டது?"

உலகக்கோப்பைக்கு முந்தின நாள்
ஆள் வரப் பொறுக்காமல்
இரவல் மிஷினை வாங்கி,
நான்தான்.
அந்தத் தட்டு ஒரு படத்தையும் பிடிக்காமல்
வானத்தைப் பார்த்து நின்றே
மூன்று வருசம்.

கோமதி ஒன்றும் சொல்லவில்லை.
டீ மட்டும்
அவருக்கு முதலில் போனது.

கழற்றிய டிஷ்ஷை
கோழிக்கூட்டுக்கு மேலே
கவிழ்த்து வைத்திருக்கிறாள்.
அதன் முதுகிலும் ஓட்டைகள் உண்டு.
நேற்று
மேகம் மலையை மறைக்கும் முன்னால்
கொஞ்சம் தார் காய்ச்சி
ஒவ்வொன்றாக அடைத்தேன்,
யாரும் கேட்காமலே.