ஜீரோ கேட்டுக்கு இன்னும்

மீனம்பாக்கத்தில் உன் விமானம்
சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டபோது
எர்ணாவூர் பாலத்து இறக்கத்தில்
ஹேண்ட் பிரேக் போட்டு நின்றிருந்தேன்.
மணி ஒன்று ஐம்பது.

வழியனுப்ப வரமுடியவில்லை, சலோமி.
வரிசையிலிருந்து டிரெய்லரை உருவினால்
மறுபடி கடைசியிலிருந்து.
முன்னால் முன்னூறு வண்டி என்றார்கள்.
பின்னால் எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை.

ஃபிராங்க்ஃபர்ட், ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்,
பத்து மணி நேரம் என்கிறது போன்.
நீலக் கோடு ஒன்றை
வஞ்சிரத்தின் முதுகுபோல் வளைத்துக் காட்டுகிறது.
ஓடுதளத்திலிருந்து ஓடுதளம்வரை அதன் கணக்கு.
ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியிலிருந்து
உன் இரண்டு பெட்டிகளையும்
நீயும் உன் தம்பியும் இறக்கிய படிகள்
அதில் சேராது.
ஜெர்மன் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டு
மூன்றாம் முறை தேறிய பதினெட்டு மாதமும் சேராது.
அடகுக்கடைச் சீட்டும்.

என்னுடையது பதினோரு கிலோமீட்டர்.
எவ்வளவு நேரம் என்று அதையே கேட்டேன்.
இருபத்தெட்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு
வெட்கமே இல்லாமல் ஒளிர்ந்தது.

கேபினில் குறுக்காகத் தூங்குகிறான் கிளீனர் பையன்.
பெயர் டில்லி.
கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதில்லை.
மூன்றரைக்கு எழுந்து
"அண்ணி இப்ப எங்க கீறாங்கண்ணா?" என்றான்.
அரபிக்கடல் மேல, என்றேன், கூடப் போய்வந்தவன்போல.
"நம்ம?"
அதே பாலம்.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பி
கண்ணைக் கரித்தது.
அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே,
இது கம்பெனிக் காற்று, உனக்குத் தெரியும்.

பின்னால் நான் இழுக்கிற நாற்பதடிப் பெட்டியில்
ஆம்பூர் ஷூக்கள்.
ஹாம்பர்க் என்று போட்டிருக்கிறது சீட்டில்.
கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்,
ஆனாலும் போய்விடும்.
சீல் நம்பர் சரியாக இருந்தால் போதும் அதற்கு.
எங்கே, எப்போது, யாரோடு எடுத்தது என்று
கல்யாண போட்டோ இன்னும் பத்து கேட்கமாட்டார்கள்.
உன் ஊரில் யாரோ ஒருவன்
அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உன் பக்கத்தில் நிற்பான்.
நான் இங்கே
இரண்டாவது விண்ணப்பத்துக்குக் காத்திருப்பேன்.

விடிந்தது. திருவொற்றியூர்.
வெயில் ஏறியது. அப்போதும் திருவொற்றியூர்.
டோல்கேட்டை நெருங்கியதும் பொறுமையிழந்த டில்லி
நடந்தே போய்
ஜீரோ கேட்டைப் பார்த்துவிட்டு வந்தான்.
"கீதுண்ணா" என்றான்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு உன் செய்தி.
"எறங்கிட்டேன். இங்க மணி ஏழு இருபத்தஞ்சு,
இன்னும் இருட்டு. வெரல் வெறைக்குது.
நீ கேட்டுக்குள்ள பூந்துட்டியா?"

முன்வண்டி அசைந்தது.
பிரேக்கை விடுவித்து, கியர் போட்டு,
அதன் வால்வரை,
இருபதடி இருக்கும்,
நகர்ந்து நிறுத்திவிட்டு
டைப் பண்ணினேன்:
"கிட்ட வந்துட்டேன்."