பாசிர் ரிஸில் கொஞ்சம் பாலை

சாங்கியில் பச்சை வழியாக வெளியே வந்தேன்,
அறிவிக்க ஒன்றுமில்லாதவர்களின் வழி.
பையில் இரண்டு புட்டி தேன்,
பையனுக்கு ஒரு கங்காரு சாவிக்கொத்து.
காலணி இரண்டிலும்
ஒரு பாலைவனத்தின் கால் கிண்ணம்.
யாரும் கேட்கவில்லை.

வீட்டில், சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தேன்.
மஞ்சள்.
இங்குள்ள கடற்கரையின் வெளுப்பு இல்லை,
மஞ்சள்தூள் டப்பாவின் அடியில்
ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டதன் நிறம்.
"அடைச்சிக்கும்மா" என்றான் நிவேந்திரன்.
ஒன்பது வயது. குழாய்களைப் பற்றி நிறையத் தெரியும்.
அள்ள முடிந்ததை அள்ளி
காப்பித்தூள் டின்னில் போட்டேன்.

அங்கே,
கடல் வாடை வருமளவு கிட்டத்தில்,
ஆயிரக்கணக்கில் கற்கள் நிற்கின்றன.
சில என் இடுப்பு வரை. சில அவருக்கும் மேலே.
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டதுபோல் ஒன்று.
குழந்தையை இடுப்பு மாற்றிக்கொள்வதுபோல் ஒன்று.
மற்றவை எதைப் போலவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.
எல்லாம் சிப்பிகளாக இருந்தவை என்றது பலகை.
கடல் விட்டுப்போன ஓடுகள்
மழையில் கரைந்து, மறுபடி இறுகி,
மண்ணுக்குள் நின்றிருக்கின்றன, யாருக்கும் தெரியாமல்.
"யாரும் செதுக்கல" என்றார் குணாளன்.
"சுத்தி இருந்த மணலைக் காத்து கொண்டு போயிடுச்சு.
அவ்வளவுதான்."
மூன்று ஆண்டாக இரும்புச் சுரங்கத்தில்
அடுத்தவர் மலையை
டன் கணக்கில் கப்பலேற்றுகிறவர்.
அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பள்ளியில் திணை நடத்தியபோது
பாலைக்கென்று தனி நிலம் இல்லை என்றார்கள்.
மற்ற நிலங்கள் காய்ந்தால் அதுவாகும்,
பொருள் தேடிப் போகிறவன் அதன் வழியே போவான்.
பத்து மதிப்பெண். எழுதிவிட்டு மறந்தேன்.
பக்கத்திலேயே கடலும் இருந்தால்
அழவேண்டியது எந்தத் திணையில் என்று
தேர்வில் கேட்கவில்லை.

இங்கு மட்டும் என்ன,
இந்த வட்டாரத்தின் பெயரிலேயே மணல்.
யாருடைய ஆற்றுப்படுகையோ
படகில் வந்து, குவிந்து,
அமுங்கிக்கொள்ள ஆண்டுகள் வாங்கிக்கொண்டு
கரையாகிவிடுகிறது இந்தத் தீவில்.
எது இருந்த மண், எது வந்த மண்,
மெதுவோட்டம் ஓடுகிற காலுக்குத் தெரியாது.

ஐந்து மணி நேரம் பறந்தாலும்
கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.
அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்.
வசதி என்கிறார்கள் அலுவலகத்தில்.
அமெரிக்காவுக்குக் கணவனை அனுப்பியவள் சொல்லிக்கொள்ளலாம்,
இப்போது அவர் தூங்குவார் என்று.
எனக்கு அந்தச் சாக்கு இல்லை.
இரவு ஒன்பதுக்கு நான் பாத்திரம் கழுவும்போது
அங்கேயும் ஒன்பது.
அங்கேயும் சாப்பிட்டாயிற்று.
அழைக்கவில்லை.

ஞாயிறு காலை, ஏழு பத்து.
புளோக்கின் கீழ்த்தளத்தில்
மலாய்க் கல்யாணத்துக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
ரொட்டி வாங்கப் போனவள் நின்றேன்.
தூண்கள்.
பதினோரு ஆண்டாக இவற்றுக்கு நடுவேதான் நடக்கிறேன்,
எண்ணியதில்லை.
இருபத்தெட்டு.
பன்னிரண்டு மாடித் துணிகளையும் சண்டைகளையும்
தலையில் வைத்துக்கொண்டு
அசையாமல் இருபத்தெட்டு.
வெயில் படுத்துக்கொண்டு வந்தது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல், தன்னைவிடப் பெரியதாக.

அந்த மாலையும் அப்படித்தான்.
அவர் எடுத்த படத்தில் கற்களின் நிழல்களை எண்ணினால்
கற்களைவிட இரண்டு கூடுதல்.

ஒரு தூணைப் படமெடுத்து அனுப்பினேன்:
இது எந்தக் கல், சொல்லுங்கள்.
இரண்டு நீலக் குறி.
நாற்காலிக்காரர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார், நின்றேன்.
ஏழு பதினான்குக்குப் பதில் வந்தது:
"மின்தூக்கிக்கு எதிரே.
சைக்கிள் பூட்டுவேனே.
கீழே சங்கிலி தேய்த்த தழும்பு இருக்கும் பார்."

குனிந்து பார்த்தேன்.
மறு சாயம் பூசியிருக்கிறார்கள்.
இருக்கிறது என்று எழுதினேன்.

ரொட்டியோடு மேலே போனால்
தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது.
நிவேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறான்,
சொன்னேனே என்று சொல்லாமல்.