ஆறாம் கட்டிலின் விருப்பம்

திருத்துறைப்பூண்டி பைபாஸ் ஓரம் எங்கள் இல்லம்.
மாலை நாலு மணிக்கு
நாளைய சாப்பாட்டைப் படமாகக் கொண்டுபோவேன்:
இட்லி ஒரு அட்டை, உப்புமா ஒரு அட்டை.

பேச்சு போன நாடிமுத்து
இடக்கையால் இட்லியைத் தொடுவார்.
பதினோரு மாதம் தொட்டார்.
'இட்லிப் பிரியர்' என்று பதிவேட்டில்
அடிக்கோடு போட்டு எழுதியது நான்தான்.

புதிதாக வந்த ஜெசிந்தா
அன்று அட்டைகளை இடம் மாற்றிப் பிடித்துவிட்டாள்.
உப்புமாவைத் தொட்டார்.
திரும்ப மாற்றினோம்.
இட்லி.

வலப்பக்கம் அவருக்கு இருட்டு.
தட்டிலும் வலப்பாதிதான் தினம் மிஞ்சும்;
'பசியில்லை' என்று
அதற்கும் எழுதியிருக்கிறேன்.

மதகில் லஸ்கராக இருந்தவர்,
எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்று
காகிதம் பார்க்காமல் சொல்வாராம். மகள் சொன்னது.

இப்போது இடப்பக்கமே
மேலும் கீழுமாகப் பிடிக்கிறோம்.
முதல் நாள் வெகுநேரம் பார்த்தார்.
இரண்டையும் தள்ளிவிட்டு
ஜெசிந்தாவின் தூக்குவாளியைக் காட்டினார்.
பழையது. மூடியில் ஒரு துண்டு சுட்ட கருவாடு.

டயட் சீட்டில் உப்பு குறைவு என்று இருக்கிறது.
டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன்,
எடுக்கவில்லை.
நாடிமுத்துவின் விரல்
இன்னும் இறங்கவில்லை.